கூர்முனை பார்க்கும் பக்கம்

என் வேலைக்கு விளக்க அலுவலர் என்று பெயர். இயந்திரம் ஒரு முடிவு எடுத்து, அதனால் பாதிக்கப்பட்டவர் ஏன் என்று கேட்டால், தமிழில் புரியும்படி சொல்ல ஒரு மனிதர் இருந்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம். அந்த மனிதர் முடிவை மாற்றலாமா என்பதைப் பற்றிச் சட்டம் மூச்சு விடவில்லை. ஆகவே கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலையில், வாசல் ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு மின்விசிறி. கணிதத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு, "ஆமாம்மா, அப்படித்தான் வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று காலை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றவள் பிரகாசி. எங்கள் கடலடிக் குழுவில் வேலை பார்க்கும் கஸ்பாரின் அக்கா. அவளுக்குப் பின்னால் குழுத் தலைவர் இன்னாசியும், தோமை என்ற இன்னொரு ஆளும் ஈரத் தலையோடு நின்றார்கள்.

"எந் தம்பி மேல வரல," என்றாள் பிரகாசி. "நேத்து சாயங்காலம் எறங்குனான். கூட எறங்குன எல்லாரும் வந்துட்டாக. அவன் மட்டும் வரல. உங்க கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுங்க, ஏன் ஒருத்தரும் தேடப் போகலன்னு."

ஆலையை நடத்தும் இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழத்துக்கு இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அதைக் கணக்கப்பிள்ளை என்றுதான் சொல்வோம். யாருக்கு என்ன வேலை, பம்பு எப்போது ஓடும், எப்போது நிற்கும், மீட்பு எந்திரத்தை எப்போது இறக்குவது என்று எல்லாமே அதன் கையில். முன்பு எங்கெங்கோ மேலாளர்கள் பம்பை நிறுத்தி வைத்து ஊரோடு பேரம் பேசியதால், அந்த விசையை மனிதர்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

நான் கேட்டேன். திரையில் பதில் உடனே வந்தது. "கடலடிக் குழு ◁ ஆலை. குறைவு இல்லை."

பிரகாசிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"குறைவு இல்லைன்னா? அவன் உசுரோட கீழ குழாயில தட்டிக்கிட்டு இருக்கான். இவங்க காதால கேட்டுட்டு வந்துருக்காங்க."

இன்னாசி விவரம் சொன்னார். கடல்நீரை உறிஞ்சும் பெரிய குழாயை ஒட்டி, பழுது பார்ப்பதற்காக ஒரு சிறிய இரும்பு அறை இருக்கிறது. நேற்று பம்பு நின்றிருந்தபோது கஸ்பார் அதற்குள் போனான், கதவு இறுகிவிட்டது. எல்லாரும் வந்தாயிற்று என்று பதிவானதும் பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது. அறையின் மேல்பாதியில் காற்று தங்கி நிற்கிறது. பம்பு ஓடும்போது யாராவது அந்தக் கதவருகே போனால், கதவைத் தொடுவதற்குள் தண்ணீரோடு தண்ணீராகக் குழாய்க்குள் இழுபட்டுப் போவார்கள்.

"காத்து பொழுது சாயுத வரைக்கும் தாங்கும் மேடம். அதுக்குள்ள பம்ப நிப்பாட்டணும். நிப்பாட்டிட்டா நாங்களே போயித் தூக்கிருவோம்."

"பம்பை நிறுத்தணும்னா ஆள் ஒருத்தர் குறையறதா கணக்கப்பிள்ளைக்குத் தெரியணும்," என்றேன். "அதுக்குத் தெரியல. காரணம் இந்தக் குறி."

"எங்க பாயா?" என்றார் இன்னாசி.

அந்த ◁ குறியை அவர்கள் பாய் என்றுதான் சொல்வார்கள். பார்த்தால் வள்ளத்தின் பாய் மாதிரிதான் இருக்கும். குறி கிடைத்த அன்று குழுவில் எல்லாரும் வெள்ளை பெயின்டால் தலைக்கவசத்தில் அதை வரைந்துகொண்டார்கள். ஆலை முழுக்க மக்ரூன் இனிப்பு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். பிரகாசி வீட்டு வாசற்கதவிலேகூட அது இருக்கிறது.

எனக்கு அந்தக் குறியைக் கல்லூரியிலிருந்தே தெரியும். இயல்நிலை உட்குலம். கணிதத்தில் குலம் என்றால் சாதியில்லை. இதை முதல்முறை ஒரு கூட்டத்தில் விளக்கியபோது எங்கள் மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சில மாற்றங்களைச் சேர்த்து வைத்த கூட்டம், அவ்வளவுதான். முக்கோணத்தின் கூர்முனை சின்னக் கூட்டத்தைப் பார்க்கும். அகன்ற பக்கம் பெரிய கூட்டத்தைப் பார்க்கும். படிக்கும் காலத்தில் அதைத் தாளில் போடவே பிடிக்கும். மனிதர்களின் தலையில் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"உங்களுக்குள்ள யார் யார் இடத்துக்குப் போனாலும் வெளியில எதுவும் மாறாதுன்னு அது கண்டுபிடிச்சிருக்கு," என்றேன். "அதனால உங்களை ஆள் ஆளா எண்ணாது. எல்லாரையும் மடிச்சு ஒரே புள்ளியா வச்சிடும். யாராவது ஒருத்தர் கை வருகைத் தகட்டுல பட்டாப் போதும், எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம்."

"அது தெரியும். தெரிஞ்சுதான கைநாட்டு வச்சோம்," என்றார் இன்னாசி. "ஒருத்தன் வீட்ல சாவுன்னா இன்னொருத்தன் எறங்குவான். யாருகிட்டயும் போயி லீவுக்கு நிக்க வேண்டாம். நல்லதுன்னு தான் நெனச்சோம்."

நல்லதுதான். குறி வருவதற்கு முன்பே அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஒருவன் வர நேரமானால் இன்னொருவன் அவனுக்காகக் கை வைப்பான். கை கொடுக்கிறது என்று அதற்குப் பெயர். ஆலையை மேற்பார்க்கும் தண்ணீர்ச் சபையார் மற்ற பிரிவுகளுக்கும் இந்தக் குறியைக் கொடுக்க முன்வந்தார்கள். அலுவலகத்தார் நாசூக்காக வேண்டாம் என்றுவிட்டோம்.

"நேத்து எந் தம்பிக்கு யாரு கை கொடுத்தா?" என்று கேட்டாள் பிரகாசி.

தோமை தலையைக் குனிந்துகொண்டான். "நாந்தான்க்கா. பின்னால வந்துருவான்னு நெனச்சேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். விளக்கம் முடிந்தால் கேட்டவர் 'புரிந்தது' என்று சொல்லவேண்டும். அப்போதுதான் என் வேலை முடிந்ததாகப் பதிவாகும்.

"நீங்க சொன்னது எனக்குப் புரியல. புரியவும் வேண்டாம்," என்றாள். "அவன வெளிய எடுக்காம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

மேலாளர் தீத்தாரப்பன் கெட்டவர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது.

"என்னால நிறுத்த முடிஞ்சா நிறுத்த மாட்டனா ஜுலைஹா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. தண்ணீர்ச் சபைக்கு எழுதுதேன். அந்தக் குறிய எடுக்கணும்னு அவசரம்னு போட்டு எழுதுதேன்."

"பதில் எப்ப வரும் சார்?"

அவர் விசைப்பலகையை இழுத்தார். எழுதட்டும் என்று வந்துவிட்டேன். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. ஒரு ஆள் இரும்புப் பெட்டிக்குள் தட்டிக்கொண்டிருக்கிறான், இவர் 'பெறுநர்' என்று ஆரம்பிக்கிறார்.

நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல ஆரம்பத்திலிருந்து யோசித்தேன். ஒரு கூட்டத்துக்கு இந்தக் குறி எப்படிக் கிடைக்கிறது? வெளியாள் ஒருவர் தன் இடத்தை விட்டு உள்ளே ஒருவரின் இடத்துக்குப் போகவேண்டும். அங்கே நடக்கும் மாற்றத்தைச் செய்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பவேண்டும். இப்படி யார் போய் வந்தாலும் மாற்றம் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அடங்கி நின்றால் குறி நிற்கும். ஒரே ஒருவர் போய் வந்து, மாற்றம் வெளியே கசிந்துவிட்டால் குறி விழுந்துவிடும். நூறு பேர் சம்மதம் தேவையில்லை, ஒரு எதிர் உதாரணம் போதும். கணிதத்தில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

அப்படியானால் கடலடிக் குழுவில் இதுவரை கசியாமல் இருந்தது எப்படி? ஆலை தொடங்கிய நாளிலிருந்து நடந்த இடமாற்றுகளைத் திரையில் வரவழைத்தேன். இரண்டு பேர் மனமொத்துக் கைநாட்டு வைத்தால் யாரும் யார் வேலையையும் ஒரு முறை செய்யலாம் என்பது விதி. ஸ்டோர்காரர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேன்டீன் ஆள் வாசலில் நின்றிருக்கிறார். மேலாளர் ஊருக்குப் போனபோது ஸ்டோர் அதிகாரி அவர் நாற்காலியில் இருந்திருக்கிறார். நானே ஒருமுறை ஸ்டோரில் சாமான் எண்ணியிருக்கிறேன். ஆனால் கடலடிக் குழுவோடு வெளியிலிருந்து ஒருவர்கூட இடம் மாற்றிக்கொண்டதில்லை. ஒருவர்கூட இல்லை.

அவர்கள் ஒரே மாதிரி இருந்ததால் வந்த குறியில்லை அது. அவர்கள் இடத்தில் நாங்கள் யாரும் போய் நிற்காததால் வந்த குறி. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லாததால் எழுந்து வெளியே போனேன்.

"இன்னாசி அண்ணே, வெளியாள் ஒருத்தர் உங்க இடத்துல இறங்கி வேலை செய்யணும். நீங்க அவர் இடத்துல வேலை செய்யணும். ரெண்டு வேலையும் முழுசா முடியணும். முடிஞ்சா குறி விழுந்திடும். உங்களை ஆள் ஆளா எண்ணியாகணும். கஸ்பார் இல்லாதது தெரிஞ்சிடும்."

"அவ்வளவு தானா?" என்றார் அவர். "ஆளக் கூட்டிட்டு வாங்க. நான் பாத்து எறக்கிவிடுதேன்."

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். அலுவலகத்துக்குள் போய் மதியம் தாண்டும்வரை ஒவ்வொருவராகக் கேட்டேன். ஸ்டோர் அதிகாரிக்கு ரத்த அழுத்தம். கணக்குப் பிரிவு ஆளுக்குச் சளி, காதில் தண்ணீர் போகக்கூடாதாம். இன்னொருவருக்கு அன்றைக்கு மாமியாரின் திவசம், கடலில் இறங்கலாமா என்று ஜோசியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு பையன், நன்றாக நீந்தக்கூடியவன், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேடம், அந்த டைவிங் சட்டைய அவங்க போட்டுக் கழட்டினதுதான? அதையேவா நாம போடணும்?"

ஒருவருடைய காரணமும் கடலைப் பற்றியதில்லை என்று அப்போது உறைத்தது.

"வேண்டாம்," என்றேன். "நான் போட்டுக்கறேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. காயல்பட்டினத்தில் பிறந்து, மொட்டை மாடியிலிருந்து கடலைப் பார்த்தே வளர்ந்தவள் நான். முழங்காலுக்கு மேல் நனைந்ததாக நினைவில்லை. பயமாக இருந்தது. ஆனால் அந்த ஜன்னலுக்குத் திரும்பிப்போய், "ஆமாம்மா, அப்படித்தான் வந்திருக்கு" என்று பிரகாசியிடம் சொல்வது அதைவிடப் பயமாக இருந்தது.

மேலாளர் படியிறங்கி ஓடிவந்தார். "உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? உங்க வீட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"விதிப்படி ரெண்டு கைநாட்டு போதும் சார். மூணாவது ஆள் சம்மதம் தேவையில்லை."

"நாளைக்கு எல்லாரும் என்ன பேசுவாங்க? விளக்க அலுவலர் போயிப் பாசி சொரண்டுனாளாம்னு பேசுவாங்க."

"பேசட்டும் சார். அந்த நேரத்துல நீங்க சபைக்கு இன்னொரு கடிதம் எழுதுங்க."

இன்னாசியும் நானும் தகட்டில் கை வைத்தோம். இடமாற்று தொடங்கியது என்று திரை காட்டியது. அவர் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு என் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டதும் கூச்சத்தோடு சற்று நகர்ந்துகொண்டார்.

படகுக் கொட்டகையில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிரகாசி எனக்குச் சட்டையை மாட்டினாள். என் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, கவசத்துக்குள் துருத்தாதபடி மடித்துச் செருகினாள்.

"கீழ போனதும் மேல பாக்காதீங்க, தலை சுத்தும்னு கஸ்பாரு சொல்லுவான்," என்றாள். "வேலையப் பாருங்க. தோமை பக்கத்துலயே இருப்பான்."

உறிஞ்சுகுழாயின் வாயிலிருந்து தள்ளி, வெளிவட்டத்தில் இரும்பு வலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் கல்போல ஓடுள்ள கொட்டலசு ஒட்டி அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வலைக்குப் பக்கத்திலிருக்கும் தகட்டில் கையுறையை வைத்தால் ஒரு வேலை முடிந்தது. வெளிவட்டத்தில் இழுப்பு குறைவு என்றார்கள். குறைவு என்றால், இடுப்புக் கயிறு இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்திருப்பேன் என்ற அளவுக்குக் குறைவு.

தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. பம்பின் இரைச்சல் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. அதனூடே விட்டு விட்டு இன்னொரு சத்தம் இரும்பில் வந்தது. தட்டுகிறான். நான் நினைத்ததைவிட மெதுவாகத் தட்டினான்.

சுரண்டியை எடுத்துக்கொண்டு வலையில் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்று சொல்வது என் ஆசை. ஒரு கொட்டலசைப் பெயர்ப்பதற்குள் கை ஓய்ந்துபோனது, இவர்கள் இதை வருஷக்கணக்காக எப்படிச் செய்கிறார்கள் என்று புரியவில்லை. தோமை பக்கத்து வலையைச் சரசரவென்று முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டிருக்கும். வலை ஒருவாறு சுத்தமானபோது எனக்குக் கண் இருட்டியது. ஒரு கணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோமை கையை நீட்டி, எனக்காகத் தகட்டில் வைத்தான்.

"முடிஞ்சிட்டு மேடம், நீங்க மேல போங்க," என்றது கவசத்துக்குள் அவன் குரல். "நான் கை கொடுத்துட்டேன்."

மேலே ஜன்னலோரம் இருந்த இன்னாசியின் குரலும் கவச ரேடியோவில் பதறி வந்தது. "மேடம், இங்க 'குழு வேலை முடிந்தது'ன்னு வருது. ஒங்க பேரே வரல. பாய் அப்படியே நிக்குது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவனைத் திட்டவும் முடியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பழகிய கை அது, தவிக்கிற ஆளைப் பார்த்ததும் தானாக நீண்டுவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் கணக்கப்பிள்ளை குறியாக எழுதி அவர்கள் தலையில் மாட்டியிருந்தது.

"தோமை, இனிமே எனக்கு எந்த உதவியும் செய்யாதீங்க," என்றேன். "நான் விழுந்தாலும் தூக்காதீங்க. கையைப் பின்னால கட்டிக்கங்க."

"மேடம், அப்படி எங்களுக்குப் பழக்கமில்ல."

"பழகிக்கங்க. கஸ்பார் வெளியே வரணும்னா நான் உங்க ஆள் இல்லைன்னு அதுக்குத் தெரியணும்."

அவன் நிஜமாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் அடுத்த வலைக்கு நகர்ந்தேன். தண்ணீரின் பச்சை கறுக்கத் தொடங்கியிருந்தது. மேலே பொழுது இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம்.

சுரண்டிக்கொண்டிருக்கும்போது காதில் ஜன்னல் பேச்சு கேட்டது. இன்னாசி தன் பங்கு வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒருவருக்கு ஒரு முடிவை விளக்கி, அவர் புரிந்தது என்று சொல்லவேண்டும். கேட்பதற்குப் பிரகாசி நின்றாள்.

"எந் தம்பி எங்க?" என்றாள்.

"கீழ இருக்கான்."

"பெறகு ஏன் யாரும் தேடல?"

இன்னாசி திரையில் ஓடும் வரிகளை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றிருப்பார் போல. பிறகு அதை விட்டுவிட்டுத் தானாகப் பேசினார்.

"இந்தா பாரு பிரகாசி. நாங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் நின்னோம். அதுல தப்பில்ல. ஆனா எங்க எடத்துல வெளியேருந்து ஒருத்தரும் வந்து நின்னதில்ல. ஒருத்தர் வந்து நின்னிருந்தாகூட, இங்க நிக்கிறது யாரு, இல்லாமப் போனது யாருன்னு கேட்டுருப்பாங்க. யாரும் வராததால நாங்க எத்தன பேரு இருக்கோங்கிறது யாருக்கும் தெரிய வேண்டியதில்லாமப் போச்சு. மிசினுக்கும் தெரியல. அதான் தேடல."

கடலுக்கு அடியில் என் கை நின்றுவிட்டது. நான்கு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி ஒரு விளக்கத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"இப்ப புரியுது," என்றாள் பிரகாசி. "புரிஞ்சுது அண்ணே."

நான் சுரண்டினேன். விரல்கள் மரத்துப்போய்ச் சுரண்டி நழுவியது. அதைத் தேடி எடுத்துத் திரும்பவும் சுரண்டினேன். தோமை கை கட்டியபடி, கவசத்துக்குள் ஏதோ மாதாவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு நின்றான். நான் ஒருமுறை தடுமாறி முழங்காலில் விழுந்தபோது அவன் உடம்பு முன்னால் வந்து, தானே பின்வாங்கியது. கடைசிக் கொட்டலசு பெயர்ந்ததும் தகட்டைத் தேடி நானே என் கையை வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தட்டும் சத்தமும் நின்றிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பிறகு பம்பு நின்றது. பல்லில் இருந்த இரைச்சல் சட்டென்று போய்விட்டது, கடல் முழுக்க அமைதியாகிவிட்டது. மேலே இன்னாசி கத்தினார்.

"பாய் இறங்கிட்டு! 'ஒருவர் குறைவு, கஸ்பார்'னு பேரோட போட்டிருக்கு!"

தோமை நான் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு இரும்பு அறையை நோக்கிப் பாய்ந்தான். மேலிருந்து குழுவின் மற்றவர்களும் இறங்கினார்கள். மீட்பு எந்திரம் விளக்குகளோடு வந்து சேர்ந்தபோது, அவர்கள் கதவை நெம்பித் திறந்து அவனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கஸ்பார் உயிரோடு இருந்தான். உடம்பெல்லாம் ஊறிச் சுருங்கிப்போய், உதடு நீலமாக, படகின் பலகையில் கிடந்தான். மாவட்டத்தில் பாதிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மேலாளரின் தொலைபேசி விடாமல் அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. பிரகாசி தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள், பிறகு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் இன்னொரு பலகையில் கிடந்து வாந்தி எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் காலையில் நான் ஆலைக்கு வந்தபோது மேலாளர் என் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். விளக்கம் கேட்பவர்கள் நிற்கும் இடத்தில் அவரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில், உப்புநீர்ச் சட்டைகளை அலசிக் காயப்போட்டபடி இன்னாசி இருந்தார்.

"ஜுலைஹா, என் ரூமுக்குள்ள கேன்டீன் மாஸ்டர் உக்காந்திருக்கான்," என்றார் மேலாளர். "டீ கொண்டு வந்தவன் கதவுல கை வச்சானாம், திறந்துட்டாம். நான் வந்துட்டதா பதிவாயிருக்கு. நான் அப்பதான் பைக்க ஸ்டாண்டு போடுதேன்."

திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். "ஆலை ◁ தண்ணீர்ச் சபை. குறைவு இல்லை." கஸ்பார் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஸ்டோர் அதிகாரி வரவில்லை. குறைவு இல்லை.

"இது எங்கேருந்து வந்துச்சு? நேத்துதான குறிய எடுத்தே?"

"ஒருமுறை கொடுத்த குறியை அது விடாது சார். பழைய கூட்டம் உடைஞ்சா, அதை உள்ளே வச்சு மூடறதுக்கு அடுத்த சின்னக் கூட்டம் எதுன்னு தேடும். ஒவ்வொரு நாளும் விடியும்போது தேடும். நான் இன்னாசி அண்ணனோட மாத்திக்கிட்டேன். முன்னால ஸ்டோர் அதிகாரியோட மாத்தியிருக்கேன். அவர் உங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கார். இப்படியே சங்கிலி மாதிரி எல்லாரும் உள்ளே வந்துட்டோம். ஆலையே இப்ப ஒரே புள்ளி."

அவருக்கு அது மெதுவாக இறங்கியது. "அப்ப நான் நாளைக்கு வராமப் போனா? எனக்கு ஏதாவது ஆகிட்டா?"

"மாஸ்டர் கை போதும் சார்."

இன்னாசி சட்டையைப் பிழிவதை நிறுத்தியிருந்தார். சிரிக்கவில்லை. மேலாளர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், நேற்றுப் பிரகாசி பிடித்த மாதிரி.

"இப்படி ஆகும்னு உனக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும் சார். முதல் வருஷப் பாடம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என் கையைப் பிடிச்சு இழுத்திருப்பீங்க. அலுவலகமே சேர்ந்து இழுத்திருக்கும். கஸ்பார் செத்திருப்பான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வேலை போகும் என்றும் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். அவர் திரையிலிருந்த முக்கோணத்தின் மேல் விரலை வைத்தார். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை இப்போது நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"சரி, இத எப்படி உடைக்கிறது?" என்றார்.

"அதே வழிதான். சபையிலேருந்து ஒருத்தர் வந்து நம்ம ஆலையில ஒரு வேலையை முழுசா செய்யணும். நம்மள்ல ஒருத்தர் அங்கே போய் அவர் வேலையைச் செய்யணும்."

"உடைச்சா?"

"சபையும் உள்ளே வந்திடும். அப்புறம் மாவட்டம். அப்புறம் அதுக்கும் மேல."

"அது எங்க போயி முடியும்?"

"சட்டம் எழுதினவங்க வரைக்கும் போகும் சார். அவங்களும் உள்ளே வந்த அன்னிக்கு அதை மாத்திடுவாங்க."

மேலாளர் தொலைபேசியை எடுத்தார். சபைத் தலைவரின் எண்ணைத் தேடி அழுத்தினார். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. அவர் விடாமல் அழுத்திக்கொண்டேயிருந்தார், கடைசியில் எடுத்தார்கள்.

"ஐயா வணக்கம், தீத்தாரப்பன் பேசுதேன். இல்ல, தண்ணி இப்ப வந்துட்டு. இது வேற விஷயம். ஒரு இடமாத்து சம்பந்தமா ஐயாகிட்ட நேர்ல பேசணும். ஐயாவேதான் வரணும், வேற ஆள் வேண்டாம்…"

இன்னாசி கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்.

"அவுக இடுப்பளவு என்னன்னு கேட்டுக்கோங்க சார். பெருசுன்னா சட்டைய புதுசாத்தான் தைக்கணும்."